உலக்கை பிடித்த தோள்

கீரனூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள்.

"பொம்பள வேலைன்னு ஊரே சிரிச்சாலும் நான் நெல்லுக் குத்துறத விடமாட்டேன்" என்றான் அவன்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். போன தடவ போலீஸ் ஆளெடுப்புல நெஞ்சு பத்தலன்னுதானே அனுப்பிச்சுட்டாங்க. இன்னைக்குப் பத்துமா?"

"பழைய சட்டையில பட்டன் மாட்ட முடியல. எல்லாம் ஒலக்கை புடிச்சதுதான்."

அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்தாள்.

"நெஞ்சு விரிஞ்சிருக்குங்க. ஆனா வலது தோளு மட்டும் தனியா ஏறி நிக்குது."

"அது எப்படி?"

"ஒரே கையால குத்துனா வேற எப்படி? நாங்கள்லாம் கை மாத்தி மாத்தித்தானே குத்துறோம்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். பொம்பளைக மாதிரி கை மாத்தமாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க."

திருச்சி வரும்வரை அவன் இடது தோளைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தான். இறங்கும்போது அவளிடம் சொன்னான்.

"எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. நாளையிலேர்ந்து பொம்பளைக மாதிரியே குத்துறேன்."