கெட்டி வயிறு

குளிர்காலத்தில் தேனீப் பெட்டியைத் திறக்கக் கூடாது, ஐயா. பலகையில் காதை வைத்துக் கேட்டால் போதும். சீரான ரீங்காரம் வந்தால் உள்ளே எல்லாரும் நலம். எங்கள் லிதுவேனியப் பேச்சில் நாய் செத்துப்போகும், மனிதன் காலமாவான். தேனீயும் காலமாகும். அவ்வளவு மரியாதை.

அதற்குத் தகுதியும் உண்டு. உறைபனிக் காலம் ஐந்து மாதமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும், ஆனால் ஒன்றுகூடக் கூட்டுக்குள் மலம் கழிக்காது. முதல் வெயில் வரும்வரை வயிற்றை அடக்கிக்கொண்டிருக்கும்.

என் அண்ணன் யூர்கிஸால் ஐந்து மணி நேரம் அடக்க முடியவில்லை. ஒரு பக்கம் கை கால் விழுந்து என் வீட்டில்தான் கிடந்தான். பீட்ரூட் சூப்பை வாயருகே கொண்டுபோனாலும் அந்த நாற்றம்தான், குமட்டிக்கொண்டு வரும். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் இருந்தது. அவனோ சிரிப்பான்.

"கோவிச்சுக்காதடா தம்பி. உன் தேனீக்கு இருக்கிற கெட்டி வயிறு எனக்கு இல்ல."

ஜனவரியில் ஒரு காலை. துடைத்து, வெள்ளை விரிப்புப் போட்டுக் கால் மணி ஆகவில்லை, மறுபடியும். நான் கத்தவில்லை, அடிக்கவில்லை. இலையுதிர் காலத்தில் உதவாத ஆண் தேனீக்களை மற்றத் தேனீக்கள் வாசலுக்கு இழுத்துத் தள்ளும். அவற்றுக்கும் கோபம் கிடையாது. அண்ணனைப் பின்வாசல் படியில் உட்காரவைத்துத் தாழிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொரு டிகிரி.

"டேய் அல்பினாஸ், வெளையாடாதடா. குளுருதுடா. இனிமே அடக்கிக்கிறேன்டா."

கதவில் காதை வைத்துக் கேட்டேன். முதலில் தட்டினான். பிறகு பற்கள் தந்தியடித்தன. பிறகு ஒன்றுமில்லை. தானாகவே தவழ்ந்து வெளியே போய்விட்டான் என்று ஊரில் சொன்னேன். அவனுடைய கம்பளியை மூன்றாம் பெட்டிக்குப் போர்த்தினேன்.

மார்ச்சில் அந்தப் பெட்டிக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டு ப்ரோனியுஸ் விசாரிக்க வந்தார். வாய் தவறிவிட்டது.

"எங்கண்ணன் செத்துப்போனப்பகூட இவ்வளவு வலிக்கல. பெட்டியில பாதிப் பேர் காலமாயிட்டாங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு அவர் வந்தது அந்தச் சொல்லால்தான்.

நான் வேலையை விடவில்லை. வாசல் பலகை, சட்டங்கள் எல்லாம் பழுப்பாகப் பீச்சிக் கிடந்தன. வெந்நீர் வைத்து வெறுங்கையால் நாள் முழுக்கத் துடைத்தேன். துளியும் அருவருப்பு வரவில்லை, ஐயா. நோய்ப்பட்ட உயிர், பாவம், அது என்ன செய்யும்?