கீறல் விழாத ஸ்விட்ச்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பல் டாக்டருக்குக் கொடுக்கிற டீயா இது? மேசையில் சிந்தியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால் யார் கையிலும் சிந்தத்தான் செய்யும்.

பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே, அந்த எலெக்ட்ரீஷியனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். போன மாதம் எங்கள் காருக்குப் புது ஒயர் இழுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். குடிப்பார், அது எல்லோருக்கும் தெரியும். அதற்காக என் தம்பியின் சாவை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நேற்று எங்கள் ஷெட்டில் நின்றுகொண்டு கான்ஸ்டபிளிடம் ஒன்று சொன்னீர்கள். "ஸ்விட்ச்சச் சுத்தி எவ்வளவு கீறல் பாரு. கழட்டினவனுக்குக் கை நல்லா நடுங்கியிருக்கு." அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கீறல்கள் பழையவை. ஸ்விட்ச்சைக் கழற்றியது நான்.

அது அப்பாவின் கார். எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. சாவி போடும் இடம் டேஷ்போர்டின் நடுவில், ஒரு வெள்ளை உலோக வளையத்துக்குள் இருக்கும். சின்ன வயதில் ஒரு முறை அதைத் திருகப் போனேன். சாவி நழுவி டேஷ்போர்டு பெயிண்டில் ஒரு கோடு விழுந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பல்லவிதான். "பெரியவனுக்குக் கை நடுங்கும். சாவியச் சின்னவன்கிட்ட குடு." நான் க்ளினிக் திறந்த அன்றுகூட, வந்தவர்களிடம், "இவன்கிட்ட வாயத் திறக்கறதுக்கு முன்னாடி உயில எழுதி வெச்சிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

கை நடுங்குகிறவனிடம் யாராவது வாயைக் காட்டுவார்களா, நீங்களே சொல்லுங்கள். கொஞ்ச நாளாக க்ளினிக்கில் கூட்டம் குறைந்திருப்பது வேறு விஷயம். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு பெண் க்ளினிக் திறந்திருக்கிறாள்.

அப்பா போகும்போது காரை இரண்டு பேருக்கும் என்றார். சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி வந்து காரை எழுப்புவான். வாரம் முழுவதும் ஓடாத எஞ்சின் என்பதால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் பரவட்டும் என்று முன்பக்கம் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சில சுற்று சுற்றுவான். நான் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சுற்ற லேசாக இருக்கும். சாவி யார் பையில் இருக்கிறதோ அவர்தான் காருக்கு முன்னால் நிற்கலாம் என்பது அப்பா போட்ட சட்டம். தம்பி சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிக் காட்டுவான். "வண்டி தூங்குதுண்ணா" என்பான். கியரை எட்டிப் பார்க்க மாட்டான். சாவி பையில் இருக்கும்போது பார்க்க என்ன இருக்கிறது?

போன வாரம் அவன் வீட்டுக்குப் போய், ஸ்விட்ச்சுக்குள் அழுக்கு ஏறியிருக்கிறது, சுத்தம் செய்ய வேண்டும், சாவியைக் கொடு என்று கேட்டேன். அவன் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தாள். உடனே எடுத்துக் கொடுத்தான்.

"நீயே வெச்சுக்கோண்ணா. இனிமே நீயே ஸ்டார்ட் பண்ணு. அப்பா சொன்னதையெல்லாம் இன்னுமா தூக்கிச் சுமந்துட்டு இருக்க?"

அவன் முகத்தில் இருந்தது பாசம்தான். நான் பொய் சொல்லமாட்டேன். அந்தப் பாசம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்திருக்க வேண்டியவர் அப்பா. இவன் யார் எனக்குப் பிச்சை போட?

அந்த ஸ்விட்ச் லேசில் மசியாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கை நுழையாது. முன்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். சாவியைப் பாதி திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு, முகப்பில் இருக்கும் ஊசித்துளைக்குள் கம்பியை விட்டு உள்ளே இருக்கும் முளையை அழுத்தினால்தான் சாவி நுழையும் உருளை வெளியே வரும். அது வந்த பிறகுதான் வளையத்தைத் திருக முடியும். "இது முசுட்டுக் கிழவன் சார், மல்லுக்கட்டினா நமக்குத்தான் அசிங்கம்" என்று எலெக்ட்ரீஷியனே தொடாமல் விட்டுவிட்டார். நான் சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் கொக்கியை எடுத்துப் போனேன். ஒன்றிரண்டு முறை வழுக்கியது. எண்ணெய் பட்ட உலோகம் வழுக்கத்தான் செய்யும். பிறகு முளை அமுங்கியது. அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பின்னால் வந்த ஒயர்களைச் சேர்த்து முறுக்கினேன். இனி சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் விழித்துக்கொண்டுதான் இருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும் என்பதால் அதன் பல்பையும் கழற்றினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. ஸ்விட்ச்சை முன்போலவே பொருத்திவிட்டு, தம்பி வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். "எனக்கு வேண்டாம்டா, அப்பா உனக்குத்தானே குடுத்தாரு" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

இதோடு நிறுத்தினால் ஒயர்தான் அவனைக் கொன்றது என்று எழுதிக்கொள்வீர்கள். அது முழு உண்மை ஆகாது.

ஷெட்டில் கார் எப்போதும் மூக்கைச் சுவர்ப்பக்கம் வைத்துத்தான் நிற்கும். அவன் சாவியைப் பையில் போட்டுத் தட்டிக் காட்டிவிட்டு முன்னால் போனான். நான் கிளட்ச்சை மிதித்தேன். முதல் கியரில் போட்டேன். ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தினேன். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் உறுமியது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பயப்படவில்லை, ஆச்சரியம்தான். கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோய்ச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். அது அங்கேதான் இருந்தது. நீங்களே அங்கிருந்துதானே எடுத்தீர்கள். அவன் தொட்டுப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன்.

உடனே சாகவில்லை. சுவருக்கும் காருக்கும் நடுவில் நின்றபடி, "அண்ணா, கிளட்ச்ச மிதிண்ணா" என்றான். நான் செய்ய வேண்டியது என்ன என்று அந்த நிலைமையிலும் சரியாகச் சொன்னான். கெட்டிக்காரன். எஞ்சின் திணறித் தானாக நிற்கும்வரை நான் ஸ்டியரிங்கில் இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடாமல் இருந்தன. அப்பா பார்த்திருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்து வந்ததும் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அத்தான், கை இப்படி நடுங்குது, நீங்களே இப்படி ஒடஞ்சு போயிட்டா எப்படி?" என்று அழுதாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எது கண்ணுக்குத் தெரிகிறது?

அந்தத் தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஸ்விட்ச்சில் என்னால் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள்தானே?

இது போதுமா? எழுத்து கோணல்மாணலாக வந்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் பேனா சரியில்லை.