ஆறாவது நாய்

ராயபுரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் சின்னவள், பெரியவளிடம் சொன்னாள்.

"எனக்கு முன்னாடியே எங்க வூட்டு நாயிங்களுக்குத் தெரிஞ்சிபோச்சிக்கா."

"இன்னாமே தெரிஞ்சிது?"

"எனக்கு அஞ்சு புள்ளைங்க, வூட்ல அஞ்சு நாயி. நாங்க எதையும் தூக்கியாரல. ஒவ்வொரு புள்ள பொறக்கறப்பவும் ஒண்ணு தானா வந்துச்சி. பகல் பூரா பானைய உருட்டும், காயப்போட்ட கருவாட்ட இழுத்துகினு ஓடும், வூடே ரெண்டுபடும். ஆனா புள்ளைங்க படுத்தா, அதது அதோட புள்ள காலாண்ட போய்ப் படுத்துக்கும். ஒரு நாளும் மாறினதில்ல."

"ம்."

"போன மாசம் செவலை ஒண்ணு புதுசா வந்துச்சி. புள்ளைங்க யாரையும் கண்டுக்கல. நேரா வந்து என் காலாண்ட படுத்துகிச்சி. தொரத்தினாலும் போவல."

பெரியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "முழுகாம கீறியாமே?"

"நேத்துதான் மருத்துவச்சி கையப் புடிச்சிப் பாத்து சொன்னா."

பெரியவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எம்மா தாயே! புல்லரிக்குதுமே."

வரிசை நகர்ந்தது. சின்னவள் நகரவில்லை.

"அதுகூடப் பரவால்லக்கா. இன்னிக்கிக் காலைல கதவத் தொறந்தா, வாசல்ல இன்னொண்ணு குந்திகினு என் வயித்தையே பாத்துகினு கீது."