கரண்டியின் காது

காது குடைவது கெட்ட பழக்கம். தீக்குச்சி, ஹேர்பின், சாவி, எதை விட்டுக் குடைந்தாலும் கெடுதல்தான். இதை ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காது மருத்துவமனையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன் ஐயா, நீங்களும் அந்தப் பேனா மூடியைக் கீழே வைத்துவிடுங்கள். பேனா எழுதுவதற்கு மட்டும் இருக்கட்டும்.

என் வேலையைச் சொல்லிவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும். ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. நோயாளி உள்ளே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பட்டனோடு உட்காருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். மெல்லிய ‘பீப்’ ஒன்றை அனுப்புவேன், கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் அவருக்குக் கேட்காமல் போகிறதோ அங்கே ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு மேலே நின்றால் நல்ல காது, கீழே சரிந்தால் காது போய்க்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துத்தான் வைத்தியம் சொல்வார்.

பகலெல்லாம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சாயங்காலம் கொஞ்சம் நிஜச் சத்தம் வேண்டாமா? அப்படித்தான் ஈரச்செங்கல் எனக்குக் கிடைத்தது.

அது ஒரு மெட்டல் இசைக்குழு. மெட்டல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். ஒரு பாட்டு தாலாட்டு மாதிரி வயலினில் தொடங்கும். கண் சொருகும் நேரத்தில் கூரை பிய்த்துக்கொண்டு விழுந்ததுபோல் கிட்டார்கள் இறங்கும். அந்த இடிபாட்டுக்குள் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். என்ன கத்துகிறான் என்று உற்றுக் கேட்டால், “என் செருப்பை எங்கே வைத்தாய்” என்று பிரிந்துபோன மனைவியைக் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு அக்கார்டியன் வரும். சர்க்கஸ் மாதிரி ஒரு குஷியான துண்டு, உடனே சவ ஊர்வலம் மாதிரி ஒன்று. பதின்மூன்று நிமிடத்தில் நான் மூன்று முறை அழுது இரண்டு முறை சிரித்திருப்பேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, “வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்று கேட்டதுண்டு.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், பொறுமைசாலி. அவரே ஒருநாள், “என்னடி இது, மிக்சிக்குள்ள யாரோ மாட்டிக்கிட்டு அழற மாதிரி இருக்கு” என்றார். மிகச் சரியான விமர்சனம். மிக்சிக்குள் ஒருவர் அழுதால் ஓடிப்போய்த் தூக்கத் தோன்றும் இல்லையா, எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இத்தனை மாற்றங்களையும் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர் டிரம்ஸ் வாசிப்பவர். ரசிகர்கள் நாங்கள் அவரைக் கரண்டி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் கரண்டியால் தட்டி நசுக்கியவராம். அவர் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டை விரல் நுனியால் தடவுவதுபோல் வாசிப்பார், மூச்சு விடுவதற்குள் சுவரை இடிப்பார். நான் ஏழு தட்டுத் தாளத்தில் பல் தேய்க்கக் கற்றுக்கொண்டதே அவரால்தான்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, இருபத்திரண்டாம் டோக்கனோடு என் அறைக்கு வந்தார்.

தொப்பி போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் நாற்காலிக் கையில் அவர் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன, ஏழு ஏழாக. ஹெட்ஃபோனைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

“நீங்க… கரண்டி?”

“மெதுவாச் சொல்லுங்க” என்று சிரித்தார். “வெளிய உக்காந்திருக்கிறவங்க சமையல்காரன்னு நெனச்சிடப் போறாங்க.”

ரெண்டு வாரமாகக் காதில் கொசு பாடுவதாகச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “மறைக்காமச் சொல்லிடுங்க. நிறுத்தணும்னா நிறுத்திடுறேன். பொண்ணு பொறந்து ஆறு மாசம் ஆகுது. அது பேசறத நான் கேக்கணும்” என்றார்.

“ஆல்பம்?” என்று கேட்டேன். நாலாவது ஆல்பத்துக்காக நாங்கள் மூன்று வருடமாகக் காத்திருந்தோம்.

“பாதிதான் ஆயிருக்கு. போனாப் போகுது.”

போனால் போகிறதாம். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்.

சோதித்தேன். கோடு முதலில் நேராக வந்தது, நடுவில் தடுக்கி விழுந்தது. இரண்டு காதிலும். இந்த மாதிரி சரிவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மா பார்த்தால் அன்றைக்கே மாத்திரை தொடங்கி, சத்தத்தின் பக்கமே போகாதே என்பார். ஆறு மாதத்தில் மிச்சமிருக்கிற காது பிழைத்துக்கொள்ளும். ஆல்பம் பாதியிலேயே செத்துப்போகும்.

தினமும் முதல் நோயாளி வருவதற்குமுன், கருவி சரியாக இருக்கிறதா என்று என் காதையே வைத்துச் சோதிப்பது வழக்கம். அன்று காலை எடுத்த என் வரைபடம் கருவியிலேயே இருந்தது. என் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரைப் போட்டு அச்செடுத்தேன். அவ்வளவுதான். அரை நிமிட வேலை.

பொய்த் தாள் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் காது, அவர் பெயர், ஒரே தாளில். கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, “கொழந்த காது மாதிரி இருக்கு. தூக்கம் இல்லாம இருப்பீங்க, அதான் கொசு” என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பதினான்கு வருடத்தில் நான் கொடுத்த ஒரு தாள்கூடத் தப்பானதில்லை, அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? கரண்டி வெளியே வந்தபோது முகம் பூத்திருந்தது. என் கை இரண்டையும் பிடித்து, “உயிர் வந்திடுச்சு” என்றார். அன்று வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா என்று தெரியவில்லை. கணவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போனேன், காரணம் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தார். கோடு இன்னும் இறங்கியிருந்தது. அச்செடுத்தது மறுபடியும் என் வரைபடத்தைத்தான். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வாசிக்கலாமா என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். அடைத்துக்கொண்டு வாசித்தால் அந்தச் சிம்பல் தடவல் போய்விடும். எனக்கு உயிரான இடம் அதுதான்.

“தேவையே இல்லங்க. அதெல்லாம் கேக்காதவங்களுக்கு” என்றேன்.

ஆறாம் மாதம் வந்தது மூன்றாவது முறை. அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பீப் அனுப்புகிறேன், அவர் அசையவில்லை. சத்தத்தை ஏற்றுகிறேன், அசையவில்லை. கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்ப்பதுபோல். பாவமாக இருந்தது. ஒவ்வொரு பீப்புக்கும் நான் லேசாகத் தலையசைத்தேன். அவர் அழுத்தினார். அசைத்தேன், அழுத்தினார். கடைசியில் அது ஒரு தாளமாகவே ஆகிவிட்டது. ஈரச்செங்கலில் கால் மணி நேரம் நானும் வாசித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

வெளியே வந்ததும், “நெஜமாவே நல்லா இருக்கா?” என்று கேட்டார். குரல் சற்று உரக்க இருந்தது, தன் குரலே கேட்காதவர்கள் பேசுவதுபோல்.

நானும் உரக்கவே, “பிரமாதம்” என்றேன்.

எட்டாம் மாதம் ஆல்பம் வந்தது. கேட்டிருக்கிறீர்களா? கேட்க வேண்டும் ஐயா. கடைசிப் பாட்டில் டிரம்ஸ் மற்ற வாத்தியங்களை விட்டு விலகிவிலகி, குடித்தவன் வீடு தேடுவதுபோல் தட்டுத்தடுமாறித் திரும்பி வரும். பத்திரிகைக்காரர்கள் துணிச்சலான பரிசோதனை என்று எழுதினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும் அவருக்குக் கேட்கவில்லை என்று. அது தெரிந்து கேட்கும்போது நெஞ்சு எப்படி உருகுகிறது தெரியுமா? அந்தப் பாட்டை முழுதாக அனுபவித்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

அடுத்த மாதம் மைதானத்தில் கச்சேரி, மதியம் மூன்று மணி வெயில். முதல் வரிசையில் நின்றேன். நான்காவது பாட்டில் பாடகர் கையை உயர்த்த, எல்லோரும் சட்டென்று நிறுத்தினார்கள். கரண்டி நிறுத்தவில்லை. கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட்டம் இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து ஆர்ப்பரித்தது. நானும்தான், தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவ்வளவு தனிமையான வாசிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. கிட்டார்காரர் போய்த் தோளைத் தொட்டார். கரண்டி கண் திறந்து, எல்லோரும் சும்மா நிற்பதைப் பார்த்தார். குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவரை வேறொரு மருத்துவமனையில் சோதித்தார்கள். மிச்சம் ஒன்றும் இல்லை, முதலிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். பழைய தாள்களை எங்கள் மருத்துவமனையில் கேட்டார்கள். டாக்டரம்மா மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றும் ஒரே கோடு. என்னைக் கூப்பிடவில்லை. என்னுடைய காலைச் சோதனைத் தாளை எடுத்து நான்காவதாக வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆமாம், மூன்று முறையும் தெரிந்தேதான் செய்தேன். அவர் காது போய்விடும் என்று முதல் நாளே தெரியும். யாரும் தூண்டவில்லை, என் கணவருக்கு இதில் எதுவும் தெரியாது. கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அவரை என்னைவிட அதிகமாக நேசித்தவர் யார்?

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வருவதற்கு முந்தின நாள் அவர் மனைவி குழந்தையோடு மருத்துவமனைக்கு வந்தார். கரண்டி கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். குழந்தை அவர் முதுகைப் பார்த்து “ப்பா, ப்பா” என்று கூப்பிட்டது. நல்ல கணீர்க் குரல், சீரான இடைவெளியில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏதோ ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது.

ஆறுதலாக இருக்கட்டும் என்று, “கொழந்தைக்கு நல்ல தாள ஞானம். அஞ்சாவது ஆல்பம் எப்பங்க வரும்?” என்று கேட்டேன்.

கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா. ரசிகை என்றால் அதைத்தானே கேட்பாள்?