வேனுக்குள் ஒரு கெபி

பழைய வேன் வாங்கப் போகிற ஆம்பளைகள் முதலில் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் குனிந்து பார்த்துவிட்டு, டயரை ஒரு உதை உதைப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆரோக்கியநாதனும் அதைத்தான் செய்தார். நான் உள்ளே ஏறி மெத்தை உறையை மோந்து பார்த்தேன். அந்த வண்டியில் எப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள் என்பதைத் துணி சொல்லிவிடும்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நேற்று நான் ஸ்டேஷனுக்கு வந்தபோது என்னை உட்காரவைத்து டீ வாங்கித் தந்தீர்கள். "பாவம்மா நீங்க. ஏதோ தெரியாம நடந்துபோச்சு, கேஸை முடிச்சிரலாம்" என்றீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அந்தத் 'தெரியாம'வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவே இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறது. "பாவம் பிலோமினா டீச்சர், தெரியாம மாதா சுரூபத்தைக் கொண்டுபோய் அந்த எடத்துல வச்சிருச்சு." மிஷன் பள்ளியில் ஆயுசெல்லாம் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தவள் நான். எதை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் ஒரு ஊசியைக்கூட நான் கீழே வைத்ததில்லை.

சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். சாமியார் மன்னித்துவிடுவார். எனக்கு மன்னிப்பு வேண்டாம், நீங்கள் எழுதி வைத்திருப்பதைத் திருத்தினால் போதும். முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அதே பள்ளியில் ஆபீஸ் கிளார்க். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதனால் ஊரெல்லாம் அவரைத் தங்கமான மனுஷன் என்றது. தங்கமா தகரமா என்பது கூட இருந்து குப்பை கொட்டினவளுக்குத்தானே தெரியும். வீட்டுச் சுவருக்கு ரோஸ் கலர் அடித்தது அவர். பழைய காலண்டரைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுசை மாட்டுவது அவர். ஹாலில் பிளாஸ்டிக் திராட்சைக் கொத்தைத் தொங்கவிட்டு, வருகிறவர்களிடம் "நிஜம் மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்பதும் அவர்தான். நான் சாம்பல் நிறத்தில் திரை தைத்து மாட்டினால், "ஏன் பிலோமி, சாவு வீடு மாதிரி இருக்கே" என்பார். மறுநாள் பச்சைத் திரை வந்துவிடும். பள்ளி ஆண்டு விழா மேடைக்குக் கட்டி மிஞ்சிய துணி அது.

எனக்கென்று இருந்தது பின்பக்கத்து அறை ஒன்றுதான். தையல் மெஷின், துணி அலமாரி, வேப்பமரத்தைப் பார்த்த ஜன்னல், வெள்ளைச் சுவர். அதற்குள் அவருடைய ரசனை நுழைந்ததில்லை. அந்த அறைக்காகத்தான் மற்ற அறைகளை நான் சகித்துக்கொண்டேன்.

ரிட்டயரானதும் அவருக்கு செல்போனே கதி. வேனிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களின் வீடியோக்களை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், "பிலோமி, நம்மளும் இப்படி ஒண்ணு வாங்கிட்டு ஊர் ஊராச் சுத்தலாமா? வீட்டை வாடகைக்கு விட்டுரலாமா?" என்றார். இந்த 'லாமா'வை நம்பக் கூடாது அம்மா. பெயின்ட் அடிக்கும்போதும் 'ரோஸ் அடிக்கலாமா' என்றுதான் கேட்டார். அவர் வாயிலிருந்து 'லாமா' வந்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பதில் சொல்கிற வழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அன்றைக்கும் அவர் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனேன்.

பிறகு புரோக்கரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் செருப்புக் காலோடு என் அறைக்குள் நுழைந்து, "இதுல அடுக்குக் கட்டில் போட்டுட்டா பேச்சிலர் பசங்களுக்கு விட்டுரலாம் சார்" என்றான். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா அது? என் அறையை எவனோ லுங்கி காயப்போடுவதற்குக் கொடுத்துவிட்டு, மிச்ச காலத்தை ஒரு தகரப் பெட்டிக்குள், இந்த மனுஷனின் குறட்டைக்குப் பக்கத்திலேயே கழிக்க வேண்டும். கோபம்கூட வரவில்லை எனக்கு. துணி வெட்டுவதற்கு முன்னால் அளவு எடுப்பேனே, அந்த மாதிரி யோசித்துப் பார்த்தேன்.

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் வேன் நின்றது. யாரோ ஏற்கெனவே உள்ளே கட்டில், அலமாரி எல்லாம் அடித்து வைத்திருந்தார்கள். மெரூன் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு பிதுங்கியது. கூரையில் கல்யாண மண்டபத்து சீரியல் லைட். பீடி நாற்றம் வேறு. விற்கிற பையன் அருள்பாண்டி என்னிடம் மட்டும் ஒன்று சொன்னான். "அக்கா, கூரையோரத்துல ஓட்டை ஓட்டையா இந்தக் காத்து ஜாலி இருக்குல்ல, இதை மட்டும் மறைச்சிராதீங்க. ஜன்னலை மூடிட்டுப் படுத்தா காத்து போய்வர வேற வழி கிடையாது. உள்ள கரி கிரி பத்தவச்சா மூச்சு முட்டிரும்." என் வீட்டுக்காரர் அப்போது வெளியே நின்று டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

உள் வேலை முழுவதும் என்னுடையது. ரெக்ஸினைக் கிழித்துப் போட்டேன். தச்சரை வைத்துப் பலகையை மாற்றினேன். தந்த நிறத்தில் பெயின்ட், தரைக்கு மர நிறத்தில் விரிப்பு, மெத்தைக்குக் கைத்தறி உறை, ஜன்னலுக்கு நீலச் சுங்குடியில் திரை. நடுவில் அவர் பிளாஸ்டிக் திராட்சையைப் பையில் போட்டு எடுத்து வந்தார். "இதைக் கூரையில மாட்டவா பிலோமி?" நான் சும்மா பார்த்தேன். மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டார். இன்னொரு நாள், "உனக்குப் பிடிச்ச கலரா அடி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகள் டயானா போனில் சொல்லிக்கொடுத்திருப்பாள். சொந்தப் புத்தியில் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

கெபி என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மாதா சுரூபத்தை வைக்கிற குகை மாதிரியான கூடு. எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் வீடு வீடாகாது, வண்டி வண்டியாகாது. பலகையில் கூடு செய்து, மேலே சாக்குத் துணியைப் பசையில் முக்கி ஒட்டி, பாறை மாதிரி வர்ணம் பூசினேன். அதன் முதுகை அந்த ஜாலியின் அளவுக்கே வெட்டினேன். இடுக்கில் காற்றுப் புகாமல் சுற்றிலும் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி, சுவரோடு இறுக்கிப் பொருத்தினேன். கைவேலையில் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். கெபியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கோயில் பீடத்தைவிட அழகா இருக்கு" என்றார். மந்திரித்த சுரூபத்தை எங்களில் யாரும் லேசில் இடம் மாற்ற மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

இன்னும் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கொசுவர்த்தி ஆகாது, தும்மல் வரும். சட்டியில் கரி போட்டு, நொச்சித் தழை தூவி மூட்டம் போட்டால்தான் தூக்கம் பிடிக்கும். வீட்டில் வாசல் பக்கம் காற்றோட்டத்தில் வைப்பார். அதே நேரம், காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று ஜன்னலை எல்லாம் இழுத்து அடைத்துவிட்டுத்தான் படுப்பார். இவ்வளவு வருஷம் அந்தப் புழுக்கத்தில் பக்கத்தில் கிடந்தவள் நான். வேனில் கரிச்சட்டியை வைக்க வாசல் ஏது?

முதல் பயணம் டி. கல்லுப்பட்டிக்கு. பள்ளி பஸ் ஓட்டிய முத்துப்பாண்டிக்கு அங்கே தோப்பு இருக்கிறது, அதில் வண்டியை நிறுத்திக்கொண்டு தங்குவதாக ஏற்பாடு. கரியை நான்தான் எடுத்து வைத்தேன். ஈரமில்லாத நல்ல கரி. தழையையும் தனியாகக் கட்டி வைத்தேன். "நீயும் வரலாமே பிலோமி" என்றார். மாதா திருவிழாவுக்குப் பீடத்துணி தைக்க வேண்டும் என்றேன். "சரி, மொதல்ல நான் போய் இருந்து பாத்துட்டு வாரேன். உனக்குத் தோதா இருந்தாத்தான் மத்ததெல்லாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் என் அறைக்குப் போய் பீடத்துணியின் ஓரத்தை மடித்துத் தைத்தேன். தையல் ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை.

காலையில் முத்துப்பாண்டி காபி கொண்டுபோய்க் கதவைத் தட்டியிருக்கிறான். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு உடைத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தோப்பில் பாயில் கிடத்தியிருந்தார்கள். நான் வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். கெபி இம்மி நகரவில்லை. அவனவன் சேற்றுக் காலோடு ஏறி என் விரிப்பைத்தான் பாழாக்கியிருந்தான்.

ஆகவே, தெரிந்து செய்தேன் என்று எழுதுங்கள். ஜாலி எதற்கென்று தெரிந்து மறைத்தேன், கரி என்ன செய்யும் என்று தெரிந்து கொடுத்தனுப்பினேன், அவர் ஜன்னலை அடைப்பார் என்று தெரிந்து வீட்டில் இருந்துகொண்டேன். பிலோமினாள், தையல் ஆசிரியை, ஓய்வு. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நேற்று முத்துப்பாண்டியின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். "சாயங்காலமே நான் கவனிச்சேன். அண்ணே, காத்து வர்ற வழியில மாதா இருக்கு, கொஞ்சம் நகட்டி வைப்பமான்னு கேட்டேன். வேணாம்டா, பிலோமி ஆசையா வச்சது, அது வச்ச எடத்துலயே இருக்கட்டும், நான் எதையாச்சும் மாத்தப்போயி அவ மூஞ்சி வாடிரும்னாரு."

அந்த இடத்தை அடித்துவிடுங்கள் அம்மா. அவன் பொய் சொல்கிறான், செத்தவரை நல்லவராக்கிக் காட்டுகிற புத்தி அது. என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா? நான் வைத்ததை வைத்த இடத்திலேயே இருக்க விடுகிற மனுஷனாக அவர் இருந்திருந்தால், நான் எதற்கு இதைச் செய்திருக்கப் போகிறேன்?