ஆவடை கொண்டுவந்த மணல்

கேளுங்க. கூட்டாம கொறைக்காம, என் காதுல விழுந்ததை விழுந்தபடி சொல்றேன்.

நம்ம பக்கம் தார் ரோடு கெடையாது, ரயிலு கெடையாது, அந்தக் காலம். ஊமத்தன்பட்டி, ஊமத்தன்பட்டின்னு ஒரு ஊரு. சுத்திக் கரிசக்காடு. கண்ணுக்கு எட்டின தூரமும் கருப்பு மண்ணு. பருத்தி வெளையும், கம்பு வெளையும், கொத்தமல்லி வெளையும். எல்லாம் வெளையும், வீடு மட்டும் நிக்காதாம்.

சித்திரை வெயில்ல நெலம் பாளம் பாளமா வெடிக்கும். ஆட்டுக்குட்டி கால விட்டா எடுக்க முடியாது. நெலம் வெடிக்கையில சொவரும் வெடிக்கும். ஐப்பசி மழை விழுந்துச்சா, நெலமும் மூடிக்கும், சொவரும் மூடிக்கும். வருசா வருசம் இதே கதைதான். ஊர்க்காரங்க என்ன நெனைச்சாங்க? நெலம் வெடிக்கறது வெயிலால, சொவரு வெடிக்கறது பாவத்தால. அப்படித்தான் நெனைச்சாங்களாம். எந்த வீட்டுச் சொவரு பெருசா வெடிக்குதோ, அந்த வீட்டுல ஏதோ குத்தம். யாரு குத்தம்? கடைசியா வந்தவ குத்தம்.

அந்த ஊர்ல சிவணுன்னு ஒரு சம்சாரி, வெள்ளாமக்காரரு. அவரு பொண்டாட்டி மாடத்தி. ஒத்தைக்கு ஒரு மகன், பேரு சங்கிலி. அதிகம் பேச மாட்டான். அவனுக்கு வைப்பாத்துக் கரையில இருந்து பொண்ணு எடுத்தாங்க. அவதான் ஆவடை. எங்க குடும்பமே அவ வயித்து வழி வந்ததுதான்.

ஆவடை வந்தா. மறு வருசம் ஒரு ஆம்பளப் புள்ளையப் பெத்தா. அந்தச் சித்திரையில வீட்டு மேக்குச் சொவரு வெடிச்சுச்சாம். கை நொழையிற அளவு வெடிப்பு. மாடத்தி களிமண்ணக் கொழைச்சு அப்புனா, சாணி மொழுகுனா. காஞ்சதும் மறுபடி வாயத் தெறந்துச்சு. மறுபடி அப்புனா. மறுபடி தெறந்துச்சு.

"ஏட்டி, நீ வாரதுக்கு முந்தி இம்புட்டு வெடிக்கலையே"ன்னாளாம் மாமியா.

ஆவடை புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நின்னா.

கோடை போச்சு, மழை வந்துச்சு. மொத மழை. காஞ்சு கெடந்த மண்ணு தண்ணியக் கண்டதும் பொங்குச்சு. மத்தியானம், ஆவடை அடுப்படியில இருக்கா. புள்ள மேக்குச் சொவத்தோரம் தொட்டில்ல தூங்குது. சொவரு சத்தம் காட்டல, முனங்கல. அப்படியே உள்ளுக்க சாஞ்சிருச்சாம்.

சங்கிலி ஓடியாந்து ரெண்டு கையாலயும் மண்ணத் தோண்டுனான். நகம் பேந்து ரத்தம் ஒழுக ஒழுகத் தோண்டுனான். தோண்டி எடுத்துட்டான். எடுத்து என்ன செய்ய?

ஓடைக்கரையில கொண்டுபோய்ப் பொதைச்சாங்க. ஊரு கூடுச்சு. குறி சொல்ற கோடாங்கி உடுக்கடிச்சுச் சொன்னான். "வந்தவ கால் சரியில்ல. இவ இருக்கற வீட்டுல சொவரு நிக்காது." ஊர் வாய் அதைப் புடிச்சுக்கிச்சு. "பெத்த புள்ளைய அவளே தின்னுட்டா"ன்னுச்சு. பெத்தவ காதுல விழற மாதிரியே சொல்லுச்சாம்.

மாடத்தி அழல. கண்ணுல சொட்டுத் தண்ணி வரல. வாசல்ல நின்னு கை நீட்டுனா. "போயிரு. உங்கய்யா வீட்டுக்குப் போயிரு. எம்மகனுக்கு நான் வேற பாத்துக்கிடுதேன்."

சங்கிலி தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

ஆவடை போனா. போற வழியில ஓடைக்கரையில நின்னா. புள்ளைய மூடுன எடத்துல ஒரு அள்ளு மண்ண எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிட்டா. நடந்தே போனாளாம் ஆத்தங்கரைக்கு.

அங்க அவ அய்யா கொம்பையா. வண்டி வச்சிருக்க மனுசன். மகளப் பாத்தாரு. என்னன்னு கேக்கல. பாயப் போட்டாரு.

ஆவடை அந்த மண்ண ஒரு சின்னக் கலயத்துல போட்டா. நடந்து வந்த வெயில்ல முந்தியிலயே காஞ்சு பொடியாப் போன மண்ணு. ஒரு பொட்டு சிந்திறக் கூடாதுன்னு அமுக்கி அமுக்கி, கழுத்து வரைக்கும் நெறைச்சா. தலைமாட்டுல வச்சுக்கிட்டா. விடிஞ்சதும் கொஞ்சம் தண்ணி ஊத்துவா. அவ ஆத்தா பாத்துட்டு, "என்ன தாயி செய்யிற?"ன்னு கேட்டா.

"தவிக்குமில்ல ஆத்தா. புள்ளைக்குத் தவிக்குமில்ல."

ஆத்தா அடுப்படிக்குப் போய்ச் சீலையால வாயப் பொத்திக்கிட்டு அழுதாளாம்.

தண்ணி ஊத்துனா. மண்ணு குடிச்சுச்சு. மறுநாளும் ஊத்துனா. மறுநாளும் குடிச்சுச்சு. ஒரு நாள் காலையில பாக்கா, கலயம் கழுத்துல இருந்து அடி வரைக்கும் கீறி நிக்குது. கல்லு விழல. கோழி முட்டல. ஆள் தொடல. கீறுன வாய்க்குள்ள இருந்து கருப்பு மண்ணு பிதுங்கிக்கிட்டு நிக்கி.

ஆத்தா பதறிட்டா. "கெட்ட சகுனம், தூக்கி ஆத்துல போடு"ன்னா.

ஆவடை போடல. மண்ண எடுத்து வெயில்ல வச்சா. காஞ்சுச்சு. காயக் காயச் சுருங்குச்சு, வெடிச்சுச்சு, பாளம் பாளமா ஓரம் தூக்குச்சு. ஊமத்தன்பட்டி நெலம் எப்படியோ, அப்படி.

பெறகு ஆத்துக்குப் போனா. அதே மாதிரி ஒரு கலயத்துல ஆத்து மணல அமுக்கி நெறைச்சா. தண்ணி ஊத்துனா. மணலும் குடிச்சுச்சு. ஆனா வீங்கல. காயப் போட்டா. சுருங்கல. வச்சது வச்சபடி இருந்துச்சு.

தான் பொறந்த வீட்டுச் சொவத்தத் தடவிப் பாத்தா. அதுவும் மண் சொவருதான். எங்கயும் ஒரு கீறல் இல்ல. காலுக்குக் கீழ பாத்தா, மணல்.

அன்னைக்குத்தான் ஒரு வா கஞ்சி குடிச்சாளாம்.

மழைக்காலம் போய் ஆத்துல வண்டி எறங்க, மறு சித்திரையும் கழிஞ்சிருச்சு. "அய்யா, வண்டி வேணும்"னா.

"எங்க தாயி?"

"அவுக ஊருக்கு."

"கூப்பிட்டு ஆள் வரலையே. கூப்பிடாமப் போனா மரியாத இருக்காது."

"மரியாதைக்குப் போகல அய்யா. மணல் ஏத்தணும். கலயத்தக் கீறுற மண்ணு சொவத்தக் கீறாதா? எம்புள்ளையக் கொன்னது என் காலு இல்ல அய்யா."

கொம்பையா மகள் மூஞ்சியப் பாத்தாரு. எந்திரிச்சுப் போய் மாட்ட அவுத்தாரு.

அங்க ஊமத்தன்பட்டியில என்ன நடக்கு? சங்கிலிக்கு வேற பொண்ணு பேசியாச்சு. புதுப்பொண்ணு வாரதுக்கு முந்தி சொவத்த எழுப்பணும்னு, விழுந்த எடத்துலயே வாணம் தோண்டுதாங்க. வாணம்னா அஸ்திவாரக் குழி. முழங்கால் ஆழம். ஊர் வழக்கமே அவ்வளவுதான்.

காட்டுல நின்னவன் மொதல்ல வண்டியப் பாத்தான். ஓடியாந்தான். "ஆவடை வாரா! மண்ணள்ளித் தூத்த வாரா! வண்டி நெறையக் கொண்டாரா!"

உங்களுக்கே தெரியும். வயிறெரிஞ்ச பொம்பள ஒரு பிடி மண்ண அள்ளித் தூத்துனாப் போதும், குடி வெளங்காதும்பாங்க. ஒரு பிடிக்கே அப்படி. வண்டி மண்ணுன்னா? தெருவுல கதவெல்லாம் படார் படார்னு சாத்துச்சாம். வெளையாண்ட புள்ளைகள உள்ள இழுத்துப் போட்டாங்க.

மாடத்தி மட்டும் ஓடியாந்தா. முடி அவுந்து கெடக்கு. வண்டிக்கு முன்னால தெருவுல விழுந்தா. "தாயி, எங்குடி மேல தூத்திராத! நான்தான் உன்னைய வெரட்டுனேன். என் மேல வண்டிய ஏத்திட்டுப் போ. எம்மகன விட்டுரு!"

ஆவடை எறங்குனா. மாமியாளத் தூக்கி நிறுத்துனா.

"அத்தை, நான் தூத்த வரல. பொதைக்க வந்திருக்கேன்."

"யாரப் பொதைக்க?"ன்னு கேட்டாளாம் மாடத்தி.

"இந்த மணலத்தான். சொவத்துக்கு அடியில."

சொல்லிட்டு நேரா வாணத்துக்குப் போனா. பொம்பள வாணத்துல எறங்கப்படாதுன்னு ஊர்க்கட்டு. எறங்கிட்டா. பக்கத்து வெடிப்புல ஒரு கம்பந்தட்டைய எடுத்துச் செருகுனா. ஆள் ஒசரத் தட்டை. போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு, நுனி மட்டும்தான் வெளிய நின்னுச்சாம்.

"வெடிப்பு இம்புட்டு ஆழம் போகுது. நாம முழங்கால் ஆழத்துல சொவத்த வச்சா அது எது மேல நிக்கும்? வீங்கயில தூக்கும், சுருங்கயில எறக்கும். வருசா வருசம் தூக்கி எறக்குனா எந்தச் சொவரு நிக்கும்? வெடிப்பு எங்க முடியுதோ அங்க போகணும். அங்க இருந்து மணலப் போட்டு ஏத்திட்டு வரணும்."

கோடாங்கி கத்துனான். "பொம்பள எறங்குன வாணம்! இதுல வீடு கட்டுனா தலைச்சன் தங்காது!"

வாணத்துல நின்னவ நிமுந்து பாத்தா. "என் தலைச்சன் போயிட்டான்"னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்பதான் சங்கிலி வந்தான். கையில மம்பட்டி. குழிக்குள்ள குதிச்சான். அந்த ஊரு அவன் வாயில இருந்து கேட்ட பெரிய பேச்சே அதுதானாம்.

"எம்புள்ளைய மண்ணுக்குள்ள இருந்து எடுத்த கையி இது. இனி எனக்கு என்ன குத்தம் வந்துறப் போகுது? தள்ளி நில்லு, ஆவடை. நான் வெட்டுதேன்."

வெட்டுனான். அவ அள்ளிக் கொட்டுனா. இடுப்பாழம் போச்சு, கழுத்தாழம் போச்சு, கருப்பு மண்ணு முடிஞ்சு வெள்ளச் சுக்கான் மண்ணு தட்டுச்சு. கல்லு மாதிரி எறுகிக் கெடக்கு. வெயிலும் மழையும் எட்டாத மண்ணு. அங்க நிறுத்துனாங்க. கொம்பையா திரும்பத் திரும்ப மணல் அடிச்சாரு. ஒரு அடுக்கு மணல், மேல தண்ணி, ஏறி மிதி. மறுபடி ஒரு அடுக்கு, தண்ணி, மிதி. புருசனும் பொண்டாட்டியும் கையப் புடிச்சுக்கிட்டு அந்தக் குழிக்குள்ள மிதிச்சாங்களாம். மேல பாறக் கல்லு, கல்லு மேல சொவரு. கூரைத் தண்ணி சொவத்தடியில நிக்காம ஓட, வெளிய சரிச்சு மண் போட்டாங்க.

பேசி வச்ச பொண்ணு வீட்டுக்கு மாமனாரு சிவணுவே போய்த் தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துட்டு வந்தாரு.

மழை வந்துச்சு. சொவரு நின்னுச்சு. ஊரு நம்பல. "சித்திரை வரட்டும்"னுச்சு.

சித்திரை வந்துச்சு. நெலம் வெடிச்சுச்சு. தெருவுல எல்லா வீடும் வெடிச்சுச்சு. மாடத்தி தெனமும் காலையில அந்த மேக்குச் சொவத்த ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் தடவிக்கிட்டே நடப்பாளாம். கீறல் இருக்கா, கீறல் இருக்கான்னு. இல்ல. மறுநாளும் இல்ல. சித்திரை முடிய ஒரு மயிர்க் கீறல் கூட இல்ல.

கடைசியில ஒரு நாள், தடவிக்கிட்டே போனவ, பழைய தொட்டில் கெடந்த எடத்துல அப்படியே உக்காந்துட்டா. சொவத்துல தலைய வச்சா. வச்சு, பேரன் பேரச் சொல்லி ஒப்பாரி எடுத்தா. பொதைச்ச அன்னைக்கு அழாதவ, அன்னைக்குத்தான் அழுதா. அவ அழுகையக் கேட்டுத் தெருவே வந்து நின்னுச்சாம். ஆவடை வந்து பக்கத்துல உக்காந்தா. மாமியா அவ கையப் புடிச்சுக்கிட்டா. மன்னிச்சுருன்னு கேட்டாளா? கேக்கல. ஆவடையும் அதை எதிர்பாக்கல. ரெண்டு பேரும் ஒண்ணா அழுதாங்க, அம்புட்டுத்தான்.

பெறகு ஊரே மணலுக்கு வண்டி கட்டுச்சு. ஆவடைக்கும் அடுத்தடுத்து ரெண்டு பொண்ணும் ஒரு ஆணும் பெறந்து தங்குச்சு.

அன்னைக்குத் தொட்டு எங்க ஊர்ல ஒரு மொறை. வெளியூர்ல இருந்து பொண்ணு எடுத்தாலும் உள்ளூர்ல எடுத்தாலும், பொண்ணு வீட்டுச் சீர்ல மொதத் தட்டு பழம் இல்ல, பூ இல்ல. ஒரு பொட்டி ஆத்து மணல். அதுக்கு மணச்சீருன்னு பேரு. வாசல்ல மாமியா நிக்கணும், முந்திய விரிச்சுப் புடிக்கணும், மருமக தன் கையால மணல அள்ளிப் போடணும். போட்டுட்டுத்தான் உள்ள காலெடுத்து வைக்கணும். அதுக்குப் பெறகு அந்த வீட்டுச் சொவத்துல எந்தக் கீறல் விழுந்தாலும் மருமகள ஒரு சொல்லு சொல்லப்படாது. இப்ப கம்பி கட்டிக் காங்கிரீட் போடுதாங்க. போடட்டும். மாமியா முந்திய விரிக்காம எங்க ஊருக்குள்ள ஒரு மருமக இன்னும் வாசல் தாண்டுனது கெடையாது.