முப்பத்தேழரை டிகிரியும் ஒரு பெயரும்

தனக்கோடி: இருங்கண்ணா, இன்னொரு வாட்டி எண்ணிக்கிறேன். ஒரு எடத்துல நிக்குதுங்களா பாரு... ஏழு, எட்டு...

ஐசக்: பத்து. நான் மூணு தடவை எண்ணியாச்சு சம்பந்தியம்மா. நீங்க கொடுத்தது பன்னிரண்டு முட்டை. பந்தயம் ஒன்பது. பொரிஞ்சது பத்து.

தனக்கோடி: அப்போ நான் தோத்துட்டேன்.

ஐசக்: நான் சொல்லலை. நீங்களே சொல்றீங்க.

ஞானஜோதி: என்னங்க, கேளம்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. வாசல்லயே வெச்சு கணக்குப் பேசணுமா? அண்ணி, உள்ளே வந்து உக்காருங்க. பேரன் இப்பத்தான் தூங்கினான். ஜென்சியும் அசந்துட்டா.

தனக்கோடி: தூங்கட்டும் அண்ணி, புள்ள பெத்த ஒடம்பு. நான் மொதல்ல அந்தப் பொட்டியப் பாக்கணும். ஓ... இதானா? தெர்மாகோல் பொட்டி, ஒரு பல்பு, ஒரு ஃபேனு...

ஐசக்: கம்ப்யூட்டர் ஃபேன். சூடு எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி போகணும் இல்லையா? முப்பத்தேழரை டிகிரி. கொஞ்சம் ஏறினா பல்பு தானா அணையும். இறங்கினா தானா எரியும்.

தனக்கோடி: எங்கூட்டுக் கோழிக்கு யாருண்ணா டிகிரி சொல்லிக் குடுத்தது?

ஐசக்: இதேதான் அன்னைக்கும் கேட்டீங்க. உங்க மச்சினர்கள் ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு. "டப்பால போட்டா உசுரு வந்துடுமா"ன்னு. நான் என்ன சொன்னேன்?

ஞானஜோதி: "வந்தா பேரனுக்கு எங்கப்பா பேரு, வரலைன்னா உங்க வீட்டுக்காரர் பேரு"ன்னு அண்ணிகிட்ட சொன்னீங்க. குழந்தை பேரைக் கொண்டுபோய் முட்டை மேல வெச்ச குடும்பம் சிட்லபாக்கத்துலயே நம்மதான்.

ஐசக்: வேற வழி? பேரை நீங்க பெரியவங்களே பேசி முடிச்சிடுங்கன்னு மாப்பிள்ளை ஒதுங்கிட்டார். வர்ற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. ஏசுபாதம்ங்கற எங்கப்பா பேரு என்னோட முடிஞ்சு போகணுமா?

தனக்கோடி: யாருண்ணா முடிஞ்சு போவணும்னு சொன்னது? நீங்க மெஷின சொல்லுங்க. மழை ஊத்து ஊத்துனு ஊத்திச்சே, எங்கூட்டுச் சொவுரே வேர்த்துப் போச்சு. ஈரத்துக்கு இன்னா பண்ணீங்க?

ஐசக்: நல்ல கேள்வி. முதல் பதினெட்டு நாள் ஈரப்பதம் ஐம்பதை ஒட்டி இருக்கணும். அதிகமானா முட்டைக்குள்ள காத்துக்கு இடமில்லாம குஞ்சு திணறிடும். வீடியோவுல சொன்னான்னு நான் ரெண்டு கிண்ணம் தண்ணி வெச்சேன். எழுபத்தஞ்சுக்குப் போயிடுச்சு.

ஞானஜோதி: என் பாயசக் கிண்ணம்.

ஐசக்: அப்புறம்தான் புரிஞ்சுது. வீடியோ போட்டவன் ஊரு வறண்ட ஊரு. நம்ம ஊர்ல மழை நாள்ல காத்துல இருக்கற ஈரமே போதும். கிண்ணத்தை எடுத்தேன். ஐம்பத்திரண்டுல வந்து நின்னுச்சு.

ஞானஜோதி: குழந்தைக்குக் காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரையும் முட்டைக்கு வெச்சுட்டார். "ஜோதி, தொண்ணூத்தொன்பதரை, நார்மல்"னு காலையில எனக்கு ரிப்போர்ட் வேற. எனக்கு முட்டி வலின்னா என்ன ஏதுன்னு கேக்க மாட்டார்.

ஐசக்: ரெண்டு கருவி வெச்சுப் பார்த்தாத்தான் எது பொய் சொல்லுதுன்னு தெரியும்.

தனக்கோடி: அது சரி. இந்த நோட்டு இன்னாண்ணா? அழகா கோடு போட்டு எழுதிக் கீறீங்க. தேதி, சூடு, ஈரம், முட்டையத் திருப்பின நேரம்... பன்னண்டாம் நாளோட நின்னுடுச்சே?

ஐசக்: அது... பேனா மை தீர்ந்துடுச்சு.

தனக்கோடி: ஒம்போது நாளாவா?

ஞானஜோதி: அண்ணி, காபி ஆறிடப் போகுது.

தனக்கோடி: குடிக்கிறேன் அண்ணி. கடைசி மூணு நாளு ஈரம் ஜாஸ்தி வோணும்னு போன்ல சொன்னீங்களேண்ணா?

ஐசக்: எழுபது வேணும். ஓடு காஞ்சு போனா குஞ்சால உடைக்க முடியாது.

தனக்கோடி: எப்பிடி ஏத்துனீங்க?

ஐசக்: ...ஏறிடுச்சு.

தனக்கோடி: தானாவா?

ஐசக்: பெரும்பாலும் தானா.

தனக்கோடி: இது இன்னா சத்தம்?

ஐசக்: எது?

தனக்கோடி: கொக்... கொக்குனு. பாத்ரூம் பக்கம்.

ஐசக்: பைப்பு. உள்ளே காத்து அடைச்சிருக்கு. பிளம்பருக்குச் சொல்லியிருக்கேன்.

தனக்கோடி: பைப்பா... அப்போ அது சத்தம் குடுத்த ஒடனே பத்து குஞ்சும் ஏண்ணா பாத்ரூம் கதவாண்ட ஓடுது?

ஐசக்: ...ஈரப்பதம் தேடிப் போகுதுங்க.

தனக்கோடி: ஓ.

ஞானஜோதி: கர்த்தாவே...

தனக்கோடி: சரிண்ணா. படிச்சவங்க சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். நான் கெளம்பறேன். போற வழியில பாஸ்டரப் பாத்து உங்கப்பா பேரையே எழுதிக்கச் சொல்லிடறேன்.

ஐசக்: இருங்க.

ஞானஜோதி: என்னங்க, வேணாம்... சும்மா இருங்க.

ஐசக்: நீ சும்மா இரு ஜோதி. சம்பந்தியம்மா, உக்காருங்க. எங்கப்பா நாப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். ஒரு பையனுக்கு அரை மார்க் சும்மா போட்டதில்லை. அவர் பேரை நான் பொய் சொல்லி வாங்க முடியாது.

தனக்கோடி: இன்னாண்ணா, பெரிய பெரிய பேச்செல்லாம்...

ஐசக்: பன்னிரண்டாம் நாள் ஞாயித்துக்கிழமை. வீட்டைப் பூட்டிக்கிட்டு வெளியே போறதுன்னா ஃப்ரிட்ஜைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைக்கணும். இந்த வீட்டுச் சட்டம். போட்டவன் நான்.

தனக்கோடி: அய்யய்யோ... பொட்டியயுமா?

ஐசக்: கை தானா போயிடுச்சு.

ஞானஜோதி: ஜென்சியையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் போனோம். அன்னைக்குன்னு பார்த்து திருவிருந்து ஆராதனை வேற. பிரசங்கம் முடியவே இல்லை. வீடு வந்து சேர மூணு மணி நேரம்.

ஐசக்: பெட்டிக்குள்ள இருபத்தொன்பது டிகிரி. முட்டை கையில சில்லுனு இருக்கு. செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒண்ணுலயும் அசைவில்லை. எனக்குக் கொஞ்சம் கண்ணு கலங்கிடுச்சு.

ஞானஜோதி: கொஞ்சமா? அங்கியைக் கூட கழட்டாம... இல்லை, அங்கி பாஸ்டருக்கு. இவர் கோட்டைக் கூட கழட்டாம ஒரு மணி நேரம் அழுதார்.

ஐசக்: ஜோதி!

ஞானஜோதி: அழுதீங்க. முட்டைகிட்ட மன்னிப்பு வேற கேட்டீங்க.

ஐசக்: அது வீட்டு விஷயம். சாயங்காலம் இவ பின் தெரு கங்கம்மாகிட்ட ஒரு அடைக்கோழி கேட்டு வாங்கிட்டு வந்தா. ஒரு ராத்திரி மட்டும் உக்காரட்டும், சூடு ஏறினதும் பெட்டிக்கு மாத்திடலாம்னு நினைச்சேன். அது எழுந்தாத்தானே? கிட்டப் போனா கொத்துது. தெர்மாமீட்டரை நீட்டினேன், அதையும் கொத்திடுச்சு.

ஞானஜோதி: ஒன்பது நாளா நாங்க மாடியிலதான் குளிக்கறோம் அண்ணி.

ஐசக்: பன்னிரண்டு நாள் மெஷின். ஒன்பது நாள் கோழி. பொரிச்சது கோழிதான். பந்தயத்துல நான் தோத்துட்டேன். ஏசுபாதம் மகன் சொன்ன சொல்லை மாத்த மாட்டான். பேரனுக்கு உங்க வீட்டுக்காரர் பேரே இருக்கட்டும். சாலமன்.

தனக்கோடி: ஐயோ, வாணாம்ணா!

ஐசக்: வேணாமா?

தனக்கோடி: அந்தப் பேரு மட்டும் வாணாம்!

ஐசக்: என்னம்மா இது? உங்க வீட்டுக்காரர் பேரு. நீங்க கேட்ட பேரு. மச்சினர்கள் முன்னாடி அப்படி அடிச்சுப் பேசினீங்களே!

ஞானஜோதி: அண்ணி... சொல்லிடலாமா?

ஐசக்: எதை? என்ன நடக்குது இங்கே? ரெண்டு பேரும் ஏன் சிரிக்கிறீங்க? நான் இங்க மானம் போய் நின்னுக்கிட்டிருக்கேன்!

தனக்கோடி: கோச்சுக்காதீங்கண்ணா. அந்தக் கோழி கங்கம்மாவுது இல்ல, என்னுது. இந்த முட்டைங்களப் போட்டதே அதுதான். நீங்க அழுவுறீங்கன்னு அண்ணி போன் பண்ணாங்க, நான் அத கூடையில வெச்சுக்கினு பஸ் ஏறி வந்து கங்கம்மா கையில குடுத்துட்டு, உங்க தெருப்பக்கம் தலையக் காட்டாம திரும்பிட்டேன். நானா விட்டுக் குடுத்தா, அண்ணன் பேருதான் வோணும்னு நிக்கிற என் மச்சினருங்க வுடுவாங்களா? பந்தயத்துல தோத்துட்டேன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது, அதான் எப்பிடியாவது தோத்துடணும்னு பாத்தேன். முப்பத்தெட்டு வருசம் வாழ்ந்துட்டு அவர ஒரு நாளும் பேரு சொன்னதில்லண்ணா, "இந்தாங்க"ன்னுதான் கூப்டுவேன்... அந்தப் பேரப் புள்ளைக்கு வெச்சுட்டா, என் பேரன நான் இன்னான்னு கூப்டுவேன்?